மகரக்கட்டு உடையுற நேரத்துல மெகா ஆடிஷன்

கேள்வி: டாக்டர் மேடத்துக்கு வணக்கம். நாங்க குளச்சல் பக்கத்துல ஒரு கடற்கரை ஊரு. எனக்க மகனுக்கு 13 வயசு, எட்டாம் கிளாஸ் படிக்கான். ஆறு வயசுல இருந்து கோயில் கொயர்ல பாடுகான். டிவில வர்ற பாட்டுப் போட்டிக்கு ரெண்டு மாசத்துக்கு முன்ன மதுரைல நடந்த ஆடிஷன்ல செலக்ட் ஆனான். அடுத்த ரவுண்டு சென்னைல, இன்னும் அஞ்சு வாரம் தான் இருக்கு. ஊர்ல பிளெக்ஸ் வச்சாச்சு, கோயில் அன்பியக் கூட்டத்துல பைசா பிரிச்சு டிரஸ்சும் எடுத்துக் குடுத்தாவ. ஆனா ஒரு மாசமா மேல போற எடத்துல குரல் கீச்சுன்னு ஒடையுது, சில நேரம் காத்து மட்டும் தான் வருது. பாட்டு மாஸ்டர் டெய்லி மூணு மணிக்கூர் சாதகம் பண்ணச் சொல்லுகாரு. மாமியார் கண்ணு பட்டுட்டுன்னு சொல்லுகாவ. அவனுக்க அப்பா கத்தார்ல இருக்காரு, இந்த தடவ விட்டா அடுத்த வருஷம் ஜூனியருக்கு வயசு தாண்டிரும், எப்படியாவது சரியாக்குன்னு போன்ல சத்தம் போடுகாரு. மருந்து உண்டுமா? ஊசி போட்டா சரியாவுமா? பெரிய வியாதி ஏதும் இருக்குமோன்னு எனக்கு பேடியா இருக்கு. பய இப்பம் வீட்ல யார்கிட்டயும் பேசுகதே இல்ல. பேரு போட வேண்டாம்.

பதில்:

அக்கா, மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு, குரல், திக்குவாய், பக்கவாதம் வந்தவங்களுக்கு திரும்ப பேச்சு வரவைக்கிறது இதெல்லாம் எங்க வேலை, மருந்து எழுதுறதும் ஊசி போடுறதும் இஎன்டி டாக்டருக்க வேலை. நாகர்கோவில்ல இத்தன வருஷமா கிளினிக் வச்சிருக்கேன், இன்னும் பாதிப் பேரு டாக்டரேன்னு தான் விளிக்காவ, நானும் திருத்தி திருத்தி சடைஞ்சு போச்சு.

அடுத்து உங்க பேடிக்கு பதில். நீங்க எழுதினத வச்சு பாத்தா உங்க மகனுக்கு வியாதி ஒண்ணும் இருக்க மாதிரி தெரியல. பய பெரியவன் ஆவுகான். 13 வயசு, ஒரு மாசமா, மேல போற எடத்துல மட்டும் ஒடையுது, நடுவுல காத்து வருது, இத கேட்டாலே எங்களுக்கு தெரிஞ்சிரும். நம்ம பழைய ஆளுங்க இதுக்கு ஒரு அழகான பேரு வச்சிருந்தாவ, மகரக்கட்டுன்னு. மகரக்கட்டு ஒடஞ்சிட்டுன்னு சொல்லுவாவ. இந்த வார்த்தை நாடகக்காரங்க மத்தியில தான் ரொம்ப புழங்குச்சு, அதுக்கு காரணமும் உண்டு. அந்தக் காலத்துல பாய்ஸ் கம்பெனின்னு நாடகக் கம்பெனிகள் இருந்துது, சின்னப் பயலுவ தான் ராஜா, ராணி, தோழி எல்லா வேஷமும் கட்டுவாவ, மைக்கு கெடையாது, கொட்டகையில கடைசியில தரையில இருக்கிறவன் காதுக்கு வரைக்கும் பாட்டு போய்ச் சேரணும், அப்பம் உச்சத்துல நின்னு பாடுற பயலுக்கு தான் மவுசு. அவனுக்கு பதிமூணு பதினாலு வயசாகி மகரக்கட்டு ஒடஞ்சா நேத்து வரைக்கும் கொண்டாடினவங்க இன்னைக்கு ஓரமா நிக்கச் சொல்லிருவாவ. பாட்டு போனா வேஷம் போச்சு. சில பேரு காமெடிக்கு மாறுவாவ, சில பேரு திரைக்குப் பின்னால வேலைக்கு போவாவ, சில பேரு ஊருக்கே திரும்பிருவாவ. 1908-ல நம்ம நாகர்கோவில்ல பொறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கூட நாடகக் கம்பெனி வழியா தான் மேல வந்தவரு, அந்த ஒலகம் நம்ம ஊருக்கு ஒண்ணும் தூரமில்ல. ஏன் இதச் சொல்லுகேன்னா, உங்க வீட்ல இப்பம் நடக்கிறது புதுசா யாருக்கும் நடக்காத விஷயம் இல்ல பாத்துக்கிடுங்க. வியன்னால பயலுவ மட்டும் பாடுற பேர்போன கொயர் ஒண்ணு பல நூறு வருஷமா இருக்கு, அங்கயும் குரல் மாறினா பய வெளிய வந்துரணும், அது தான் வழக்கம். அங்க யாரும் கண்ணு பட்டுட்டுன்னு சொல்லுறதில்ல.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லுகேன், இது அவனுக்கும் வாசிச்சுக் காட்டுங்க. தொண்டையில குரல்வளைக்குள்ள ரெண்டு சின்ன மடிப்பு இருக்கு, குரல் நாண்னு சொல்லுவோம். மூச்சுக்காத்து கீழ இருந்து வரும்போது அது ரெண்டும் ஒண்ணோடொண்ணு தட்டும், அந்த தட்டல் தான் குரலு. சின்னப் பிள்ளைகளுக்கு, ஆணா இருந்தாலும் பெண்ணா இருந்தாலும், பேசும்போது ஒரு செகண்டுக்கு சுமாரா 250-ல இருந்து 300 தடவ தட்டும். பெரிய ஆம்பளைக்கு அது 100-ல இருந்து 130 வரைக்கும் தான். அதாவது பாதிக்கு கொறைஞ்சிரும், பாட்டு பாஷைல சொன்னா ஒரு ஸ்தாயி அப்படியே கீழ எறங்குது. வயசுக்கு வரும்போது ஆண் ஹார்மோன் வேலைய ஆரம்பிச்ச ஒடன குரல்வளை பெருசாவும், கழுத்துல மணி மாதிரி முன்னால துருத்திட்டு வரும், குரல் நாண் நீளமும் ஆவும் தடியும் ஆவும். மெல்லிசு கம்பி இருந்த எடத்துல தடிச்ச கம்பி மாட்டினா வீணைல சத்தம் எப்படி எறங்குமோ அதே கணக்கு. பொம்பளப் பிள்ளைகளுக்கும் குரல் மாறும், ஆனா ரெண்டு மூணு சுரம் அளவுக்கு தான் எறங்கும், அதனால யாருக்கும் தெரியாமலே முடிஞ்சிரும். பயலுவளுக்கு தான் ஊரறிய நடக்கும்.

பிரச்சனை என்னண்ணா, கம்பி மாறிட்டு, ஆனா அத வாசிக்கிற கை இன்னும் பழைய கை தான். வள்ளம் ஓட்டிப் பழகினவன திடீர்னு பெரிய போட்டுல ஏத்தி விட்டா என்ன ஆவும், நீங்க கடற்கரைக்காரங்க, உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். எவ்வளவு திருப்பணும் எவ்வளவு வேகம் குடுக்கணும்னு கைக்கு தெரியாது, ஒண்ணு சுத்திப் போவும் இல்லன்னா முட்டும். அது மாதிரி தான் அவனுக்க மூளை பழைய ஞாபகத்துல நாண இழுக்குது, நாண் வேற சைஸ்ல இருக்குது, கீச்சுன்னு வழுக்குது. நீங்க சொன்னியளே காத்து மட்டும் வருதுன்னு, அதுக்கும் காரணம் இருக்கு, இந்த சமயத்துல ரெண்டு நாணும் பின்பக்கம் முழுசா சேராம ஒரு சின்ன எடவெளி நிக்கும், அந்த ஓட்டை வழியா காத்து ஒழுகும். வளர வளர சதை பலம் வந்து அது தானா மூடும். ரொம்ப ஆட்டம் போடுற காலம் சில மாசம் தான் இருக்கும், முழுசா ஒரு நிலைக்கு வந்து நிக்க ஒண்ணு ரெண்டு வருஷம் கூட எடுக்கலாம், ஆளுக்கு ஆள் மாறும். அஞ்சு வாரத்துல முடிஞ்சிருமான்னு நீங்க கேக்கிறது, நெல்லு நட்டு அஞ்சு வாரத்துல அறுக்கலாமான்னு கேக்கிற மாதிரி.

அதனால மூணு மணிக்கூர் சாதகம் வேண்டாம். மாஸ்டர் மேல எனக்கு கோவம் இல்ல, அவரு நல்லதுக்கு தான் சொல்லிருப்பாரு, கர்நாடக சங்கீதத்துல சாதகம் தான் எல்லாம்னு நம்மள பழக்கியிருக்காவ. ஆனா வளந்துட்டு இருக்கிற நாண, அது எட்டாத சுரத்துக்கு மூணு மணிக்கூர் முக்கி முக்கி ஏத்தினா கழுத்து சதை எல்லாம் இறுகி, நாண் ஓரத்துல தடிப்பு விழுந்து, அதுக்கு பெறகு தான் நெசமான வியாதி ஆரம்பிக்கும். கிரிக்கெட்டு, ஃபுட்பாலுன்னு கடற்கரையில கத்திட்டு வந்து அதுக்கு மேல இந்த சாதகமும் பண்ணினா சொல்லவே வேண்டாம்.

இப்பம் எனக்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்லணும், இத எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எனக்கு ஒரு தம்பி. எங்க ஊர் கோயில்ல அவன் பாடினா கெழவிங்க எல்லாம் முக்காட்டு நுனியால கண்ணு தொடைப்பாவ. அவனுக்கு பதினாலு வயசுல கிறிஸ்மஸ் நடு ராத்திரி பூசைல சோலோ குடுத்தாவ. அப்பமே குரல் ஆட ஆரம்பிச்சிருந்துது, வீட்ல எங்களுக்கும் தெரியும், கொயர் நடத்தினவருக்கும் தெரியும், ஆனா ஊரு கேக்குதுல்லா. ரெண்டாவது வரில மேல போவும்போது ஒடஞ்சிச்சு, கோழி கூவினாப்ல. பின்னால இருந்து யாரோ சிரிச்சாவ, அது பரவி பெஞ்சு பெஞ்சா வந்துது. கொயர் நடத்தினவரும் பூசை முடிஞ்சு எல்லாரு முன்னாலயும் வச்சு, நாளைல இருந்து நீ கோழிக் கூட்டுல போய் பாடுலேன்னு ஒரு தமாஷ் அடிச்சாரு, அவருக்கு அது தமாஷ் தான். என் தம்பி அதுக்கு பெறகு பாடினதே இல்ல. இப்பம் நாப்பது தாண்டிட்டு, ஹார்டுவேர் கடை வச்சிருக்கான், ரெண்டு பிள்ளைக, நல்லா தான் இருக்கான். பேசும்போது அவனுக்க குரல் எப்படி கனமா இருக்கும் தெரியுமா, கடைக்கு வர்ற ஆளுங்க கேப்பாவ நீங்க ரேடியோல வேலை பாத்தியளான்னு. எந்த சேதமும் இல்லாம அருமையா வந்து செட்டான குரலு, யாருக்கும் பிரயோஜனம் இல்லாம சிமெண்டு மூட்ட கணக்கு சொல்லிட்டு கெடக்கு. நான் இந்தப் படிப்புக்கு வந்ததுக்கு அவன் தான் காரணம், இத அவன்கிட்ட இன்னும் சொன்னதில்ல.

அங்க பாத்தது ஒரு முன்னூறு பேரு, ஒரு ராத்திரி. டிவின்னா கணக்கு வேற இல்லியா. ஒடஞ்ச எடத்த மட்டும் வெட்டி, அதுல ஒரு டொய்ங் சத்தத்த சேத்து, நடுவர் மொகத்த மூணு தடவ காட்டி, அம்மா கண்ணு கலங்கிறத குளோசப்ல எடுத்து போடுவாவ, பெறகு அது யூடியூப்ல கெடக்கும், அவன் காலேஜ் போவும்போதும் கெடக்கும், வேலைக்கு போவும்போதும் கெடக்கும். எல்லா நிகழ்ச்சியும் அப்படி பண்ணுதுன்னு நான் சொல்ல வரல, நல்லா தாங்கிப் பிடிச்ச நடுவர்மாரையும் பாத்திருக்கேன். ஆனா எத வைக்கணும் எத வெட்டணும்ங்கிறது எடிட்டிங் டேபிள்ல இருக்கிறவங்க கையில, உங்க கையிலயும் இல்ல அவன் கையிலயும் இல்ல. நீங்க போடுற கையெழுத்துல அந்த உரிமை அவங்களுக்கு போயிரும். அந்த ஃபார்ம முழுசா வாசிக்காம கையெழுத்து போடாதீங்க, வாசிச்சு புரியலன்னா ஊர்ல வக்கீலுக்கு படிக்கிற பிள்ளைகள் யாராவது இருப்பாவ, கேளுங்க. 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளை ஒப்பந்தம் போட சட்டப்படி முடியாது, அதனால அதுல பொறுப்பு எல்லாம் உங்க கையெழுத்து மேல தான் நிக்கும்.

மருந்து, ஊசி விஷயத்துக்கு வாறேன். ஸ்டீராய்டு ஊசி போட்டா மேடைல ஒருநாள் குரல் நிக்கும்னு யாராவது சொல்லிருப்பாவ, எனக்கு தெரியும், கச்சேரிக்காரங்க மத்தியில அந்தப் பேச்சு உண்டு. வீக்கம் இருந்தா அது வீக்கத்த கொறைக்கும். உங்க மகனுக்கு வீக்கமே இல்லியே, வளர்ச்சி தான, வளர்ச்சிய எந்த ஊசி கொறைக்கும்? அந்த தைரியத்துல அவன் தம் கட்டிப் பாடினா நாணுல ரத்தம் கட்டுறதுக்கு கூட சான்ஸ் இருக்கு. எங்கயாவது ஒரு ஆள் ஒடன ஊசி போட்டுத் தாறேன்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

வீட்டு வைத்தியம் பத்தி கேக்கல நீங்க, ஆனாலும் கண்டிப்பா பண்ணிட்டு தான் இருப்பிய. கருப்பட்டி, சுக்கு, மிளகு, தேன், பச்சை முட்டை, கற்கண்டு, எங்க அம்மச்சியும் எல்லாம் குடுத்தாவ. குடுங்க, ருசியா இருக்கும், தொண்டைக்கு இதமாவும் இருக்கும். ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சிக்கிடுங்க, நாம முழுங்குற எதுவும் குரல் நாண் மேல படுறதே இல்ல. சாப்பாடு போற குழாய் வேற, மூச்சு போற குழாய் வேற, தப்பித் தவறி ஒரு துளி அந்தப் பக்கம் போனா இருமி இருமி கண்ணுல தண்ணி வந்துரும், அது தான் பொரையேறுறது. தேன் நாணத் தடவிக் குடுக்கும்னு நெனைக்கிறது சும்மா. தண்ணி குடிச்சா கூட அது ரத்தத்துல சேந்து தான் நாணுக்கு ஈரம் போவும், அதனால பாடுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்ன ஒரு பாட்டில் குடிச்சு பிரயோஜனம் இல்ல, நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். நேரடியா நாண்ல போய்ப் படுறது காத்து மூலமா போற ஈரம் மட்டும் தான், அதனால சும்மா வெந்நில ஆவி பிடிக்கலாம், தைலம் ஒண்ணும் போட வேண்டாம், அது சில பிள்ளைகளுக்கு எரிச்சல் தான் குடுக்கும். பெறகு ராத்திரி பத்து மணிக்கு பொரிச்ச மீனும் பரோட்டாவும் தின்னுட்டு ஒடன படுக்கிறத நிறுத்துங்க, வயித்துப் புளிப்பு மேல ஏறி வந்து குரல கெடுக்கும்.

இனி செய்ய வேண்டியது. நான் மேல வியாதி இல்லன்னு சொன்னது கடிதாசிய பாத்து, தொண்டைய பாத்து இல்ல. அதனால ஒரு தடவ இஎன்டில காட்டிருங்க, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல காலைல ஓபிக்கு போனாலே போதும், பெரிய செலவு வைக்காதீங்க. மூக்கு வழியாவோ வாய் வழியாவோ சின்ன கேமரா விட்டு நாண பாப்பாவ, சில நிமிஷத்துல முடிஞ்சிரும், கொஞ்சம் கூச்சமா இருக்கும், அவ்வளவு தான். நாண்ல தடிப்பு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா உங்களுக்கும் ஒறக்கம் வரும். மூச்சு விடக் கஷ்டம், முழுங்கும்போது வலி, துப்புனா ரத்தம், இல்லன்னா பேச்சே நாள் முழுக்க கரகரன்னு மூணு வாரத்துக்கு மேல நிக்குது, இப்படி ஏதாவது இருந்தா மட்டும் நாள் கடத்தாம நாளைக்கே போங்க.

பாட்ட முழுசா நிறுத்த வேண்டாம், இத நல்லா கேட்டுக்கிடுங்க. நிறுத்தினா தான் அவன் ஒடஞ்சு போவான். அளவு மாத்தணும், எடம் மாத்தணும். பத்து நிமிஷம், நாளைக்கு மூணு தடவ. ஒரு டம்ளர்ல பாதி தண்ணி எடுத்து ஸ்ட்ராவ ரெண்டு விரக்கடை முக்கி, ஊ-ன்னு சத்தம் குடுத்துட்டே குமிழி விடச் சொல்லுங்க, மேல இருந்து கீழ வழுக்கி எறங்கணும், கீழ இருந்து மேல ஏத்துறது இப்பம் வேண்டாம். கேக்க பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா உலகம் பூரா குரல் தெரபில நாங்க குடுக்கிற பயிற்சி இது, நாணுக்கு பாரம் இல்லாம பழக்கம் குடுக்கும். பெறகு வாய மூடிட்டு முணுமுணுப்பு. அதுக்கு பெறகு பாட்டு, ஆனா சுருதி எறக்கி. கட்டைன்னா சுருதிக்கு உள்ள அளவு, எண் கூடினா சுருதி மேல போவும். அவன் இது வரைக்கும் அஞ்சு கட்டைல பாடிட்டு இருந்திருப்பான்னு நெனைக்கிறேன், கொயர்ல பொம்பளப் பிள்ளைகளோட சேந்து நிக்கிற பயலுவ எல்லாம் அங்க தான் இருப்பானுவ. பெரிய ஆம்பளைங்க பாடுறது ஒண்ணுல இருந்து ரெண்டு கட்டை. அவன் இப்பம் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கான், அதுவும் இந்த வாரம் ஒரு எடம், அடுத்த வாரம் ஒரு எடம். மாஸ்டர்கிட்ட சொல்லி வாரத்துக்கு ஒரு தடவ ஆர்மோனியத்துல தடவிப் பாத்து எந்த ஆறு ஏழு சுரம் நோகாம வருதோ அதுக்குள்ள அடங்குற பாட்டா குடுக்கச் சொல்லுங்க. மாஸ்டருக்கு ரோஷம் வந்துரும்னு பயமா இருந்தா இந்தப் பக்கத்த காட்டுங்க, இல்லன்னா என்கூட பேசச் சொல்லுங்க. சத்தம் குடுக்காம ரகசியம் மாதிரி குசுகுசுன்னு பேசுறதும், அடிக்கடி தொண்டைய செருமுறதும் நாணுக்கு அடி தான், அதயும் சொல்லிக் குடுங்க.

இனி சென்னைக்கு போவணுமா வேண்டாமா. நீங்க அத நேரா கேக்கல, மருந்து உண்டுமான்னு தான் கேட்டிய, ஆனா கேள்வி அது தான. எனக்க அபிப்பிராயம், மதுரைல பாடின அந்தப் பாட்ட அதே கட்டைல பாடுறதுக்குன்னா போவ வேண்டாம். அவங்க செலக்ட் பண்ணின குரலு இப்பம் அவன்கிட்ட இல்ல. மதுரைல எந்தக் குரல கேட்டாவளோ அது முடிஞ்சு போன விஷயம், இனி உலகத்துல எந்த டாக்டரும் அத திருப்பித் தர மாட்டாவ. உங்களுக்கு போன் பண்ணுற ஒருங்கிணைப்பாளர்கிட்ட ஒளிக்காம சொல்லுங்க, பையனுக்கு குரல் மாறுது, சுருதி எறக்கிப் பாட விடுவியளா, பாட்டு மாத்திக்கிடலாமான்னு. சின்னப் பிள்ளைகள வச்சு நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கு இது தெரியாத விஷயம் இல்ல, உங்களுக்கு முன்னாலயும் எத்தனையோ பயலுவளுக்கு நடந்திருக்கும். சரி, மாத்திக்கிடுங்கன்னு சொன்னா, அதுவும் அவன் போவணும்னு சொன்னா, போயிட்டு வாங்க, ஜெயிக்கிறதுக்கு இல்லாம ஒரு அனுபவத்துக்கு. முடியாது, அதே பாட்டு அதே கட்டைன்னு சொன்னா நன்றி சொல்லி போன வச்சிருங்க. இன்னொண்ணும் சொல்லுகேன், இதே சமயத்துல எவனாவது போன் பண்ணி இருவதாயிரம் கட்டுங்க நேரா ஃபைனலுக்கு ஏத்தி விடுறேன்னு சொன்னா அது நூத்துக்கு நூறு களவாணித்தனம், ஒடன சைபர் கிரைம் நம்பர் 1930-க்கு அடிச்சு கம்ப்ளெய்ண்ட் குடுங்க.

போறதா இருந்தா சட்டம் கொஞ்சம் தெரிஞ்சு வச்சிக்கிடுங்க, நம்ம ஆளுங்க யாரும் இத கேக்கிறதே இல்ல. 14 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைகள டிவி நிகழ்ச்சில பயன்படுத்துறதுக்கு குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல, 2017-ல திருத்தின விதில, தனியா சொல்லிருக்கு. கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கணும், ஒரு நாளைக்கு அஞ்சு மணிக்கூருக்கு மேல வேலை வாங்கக் கூடாது, தொடந்தாப்ல மூணு மணிக்கூருக்கு மேல ரெஸ்டு குடுக்காம நிறுத்தக் கூடாது, பைசா ஏதும் குடுத்தா அதுல 20 சதவீதமாவது பிள்ளை பேர்ல பேங்க்ல டெப்பாசிட் போடணும், பிள்ளைக்கு இஷ்டமில்லாம நிறுத்தவே கூடாது. கடைசியா சொன்னத ரெண்டு தடவ வாசிங்க. பெறகு நாகர்கோவில்ல இருந்து சென்னைக்கு 700 கிலோமீட்டருக்கு பக்கம் வரும், ஏசி கோச்சுல ராத்திரி பூரா வறண்ட காத்துல கெடந்துட்டு காலைல எறங்கி நேரா வரிசைல போய் நிக்க வைக்காதீங்க, ஒரு நாள் முன்னாலயே போயிருங்க.

வயசு தாண்டிரும்னு அவனுக்க அப்பா சொல்லுகாரே, அது உண்மை தான், ஜூனியர்ல தாண்டிரும். ஆனா சீனியர்னு ஒண்ணு இருக்குல்லா. 2006-ல விஜய் டிவில சூப்பர் சிங்கர் வந்த காலத்துல இருந்து பாத்துட்டு இருக்கோம், 2018-ல ஜெயிச்ச செந்தில் கணேஷ் சின்னப் பிள்ளையா, கல்யாணம் ஆன ஆளு, நாட்டுப்புறப் பாட்டு பாடியே ஜெயிச்சாரு, உச்சத்துல கீச்சுன்னு போயா ஜெயிச்சாரு? அரிஜித் சிங் பேர பயகிட்ட கேளுங்க, தெரியும். அவரு 2005-ல ஹிந்தில ஃபேம் குருகுல்னு ஒரு டிவி போட்டில பாடி ஜெயிக்காம வெளிய வந்தவரு. அந்த வருஷம் ஜெயிச்சது யாருன்னு உங்க தெருவுல ஒரு ஆளு சொல்லட்டும் பாக்கலாம். கத்தார்ல இருக்கிற மனுஷனுக்கு மகன டிவில பாக்கணும்னு ஆசை இருக்கும், அங்க ரூம்ல கூட இருக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிருப்பாரு, அது எனக்கு புரியுது, தப்பு சொல்லல. அவரு சத்தம் போடுறது பயலுக்கு கேக்காம பாத்துக்கிடுங்க, அவ்வளவு தான். ஸ்பீக்கர்ல போட்டு பேசாதீங்க.

மகரக்கட்டுக்கு வெக்கப்பட்டு பழைய கீச்சுக் குரலயே பிடிச்சு வச்சுக்கிற பயலுவளும் உண்டு. வளர்ச்சி எல்லாம் முடிஞ்சு மீசை வந்து காலேஜும் முடிச்சிருப்பான், போன எடுத்தா எதிர்ல அம்மாவா பேசுகதுன்னு கேப்பாவ. பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்ன தான் எங்ககிட்ட ஓடி வருவானுவ. பெரும்பாலும் கொஞ்ச நாள் தெரபிலயே குரல் எறங்கிரும், ஆபரேஷன் ஒண்ணும் வேண்டாம், ஆனா அத்தன வருஷம் ஸ்கூல்லயும் காலேஜ்லயும் அவன் கேட்ட கேலிய யாரு திருப்பி எடுக்கிறது. உங்க மகன் வீட்ல பேசாம இருக்கிறது தான் மொத்தக் கடிதாசில எனக்கு பயம் குடுத்த வரி. குரல் ஒடையுறதுல எனக்கு பயமே இல்ல. வீட்ல யாராவது, பெரியப்பா பிள்ளைகளோ யாரோ, அவன் பேசுகத கேட்டு சிரிச்சிருப்பாவன்னு ஒரு சந்தேகம், சும்மா விசாரிச்சுப் பாருங்க. மாமா, சித்தப்பா யாராவது நல்லா பேசுற ஆளு இருந்தா, எனக்கும் இப்படி தாம்லே ஒடஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. நீங்களும் நானும் நூறு தடவ சொன்னாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாவாது, நமக்கு ஒடஞ்சதில்லியே.

ஊர்ல பிளெக்ஸ் வச்சதும் பைசா பிரிச்சதும் உங்க நெஞ்சுல பாரமா கெடக்குன்னு தெரியுது. அத நீங்க வீடு வீடா போய் விளக்கிட்டு நடக்க வேண்டாம். ஃபாதர்கிட்ட ஒரு தடவ ஒக்காந்து சொல்லுங்க, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புல பையனுக்கு குரல் மாறுற பருவம், இப்பம் ரெஸ்டு, கொயர்ல வேற பாகம் பாடுவான்னு அவரே சொல்லிட்டா ஊரு அடங்கிரும். கொயர்லயும் உச்சக் குரல் பாடுற சோப்ரானோ வரிசைல இருந்து எடுத்து கீழ பாகத்துல நிறுத்தச் சொல்லுங்க, கூட்டத்தோட கூட்டமா, சோலோ வேண்டாம். பைசாவ திருப்பிக் குடுக்கணும்னு தோணினா குடுங்க, யாரும் வாங்க மாட்டாவ. டிரஸ்சு இருக்கட்டு, பய வளருகான், அடுத்த திருநாளுக்குள்ள சின்னதாயிரும், அதுக்கு முன்ன உடுத்தித் தீக்கட்டு.

இஎன்டி பாத்த பெறகு அந்த ரிப்போர்ட்ட எடுத்துட்டு அவன என்கிட்டயோ, உங்களுக்கு எது பக்கமோ அங்க ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்டயோ கூட்டிட்டு போங்க. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ வந்தா போதும். வரும்போது அவன் பழைய குரல்ல பாடின ரெக்கார்டிங் உங்க போன்ல இருக்கும்லா, அதயும் கொண்டு வாங்க, எனக்கு எவ்வளவு எறங்கிருக்குன்னு பாக்கணும். அத வீட்ல போட்டு கேக்காதீங்க அக்கா, கொஞ்ச நாளைக்கு, அவன் இருக்கும்போது.